எழுந்து நின்றவன்

கூட்டம் மூன்றரைக்கு முடிந்திருக்க வேண்டும். நாலு மணிக்கும் போதகர் தம்பிமுத்து பேசிக்கொண்டிருந்தார்.

அருமைநாயகம் ஆண்கள் பக்கத்தில், நடு வாங்குப் பலகையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். நாவலப்பிட்டி ரயில் நிலையத்தில் அவன் சரக்குக் கிளாக்கர். அன்று காலையில்தான் அவனுடைய வேலை நேரத்தை மாற்றியிருந்தார்கள். அன்றைக்கு மட்டும் இரவு வேலை, ஏழு மணிக்கு ஆஜராக வேண்டும். கண்டியிலிருந்து ரயில் நாலு இருபதுக்கு. ஆலயத்திலிருந்து நிலையத்துக்கு வேகமாக நடந்தால் பன்னிரண்டு நிமிடம்.

மனைவி எப்சிபாள் பெண்கள் பக்கத்தில் இருந்தாள். அவள் வெள்ளிக்கிழமையே கண்டிக்கு வந்து தமக்கை வீட்டில் தங்கியிருந்தாள். வேலை நேரம் மாறியது அவளுக்குத் தெரியாது.

1934 நவம்பர், ஒரு சனிக்கிழமை. அந்த வருடம் மழை பொய்த்தது. ஆறுகள் குட்டை குட்டையாக நின்றன. கடுகண்ணாவைக்குக் கீழே ரப்பர் தோட்டங்களில் காய்ச்சல் பரவியிருந்தது. அங்கே மிஷன் சங்கம் நியமித்திருந்த உபதேசியார் ஒக்டோபர் கடைசியில் இறந்துவிட்டார்.

போதகர் அதை மறைக்கவில்லை.

“ஒரு ஆள் வேணும்,” என்றார். “ஒரே ஒரு ஆள். எல்லாரும் கண்ணை மூடுங்கோ. ஆருக்குக் கர்த்தர் சொல்லுறாரோ அவர் எழும்பி நிக்கட்டும். மற்ற ஒருத்தரும் பாக்க வேண்டாம்.”

சங்கத்தின் வழக்கம் அது. வருடத்துக்கு ஒரு கூட்டம். அதன் முடிவில் கண்ணை மூடச் சொல்வார்கள். யாராவது எழுந்தால் போதகர் கீர்த்தனையைத் தொடங்குவார். அப்போதுதான் மற்றவர்கள் கண் திறக்கலாம்.

முந்நூறு பேர் கண்ணை மூடினார்கள்.

அருமைநாயகம் கடிகாரத்தைப் பார்த்தான். நாலு ஆறு. இப்போது போனால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்று நினைத்தான். யாரும் பார்க்கவும் மாட்டார்கள். தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

நடைபாதைக்கும் அவனுக்கும் இடையில் ஆறு பேரின் முழங்கால்கள் இருந்தன. முதல் ஆள் ஓய்வுபெற்ற தபால்காரர். காலை நீட்டியபடி கண்ணை இறுக மூடியிருந்தார். அவரைத் தொடலாமா என்று அருமைநாயகம் யோசித்தான். யோசித்தபடி நின்றான்.

போதகரின் குரல் உடைந்தது. பாட ஆரம்பித்தார்.

முந்நூறு பேரும் கண் திறந்தார்கள்.

“நான் ரயிலுக்கு,” என்று அவன் தபால்காரரிடம் சொன்னான். பாட்டுச் சத்தத்தில் அது அவருக்குக் கேட்கவில்லை. அவர் அழுதுகொண்டே அவன் கையைப் பிடித்து முத்தமிட்டார்.

அவனை முன்னே கொண்டுபோனார்கள். முழங்காலில் நிற்க வைத்தார்கள். தலையில் பல கைகள் விழுந்தன. அந்தக் கைகளின் பாரத்தில் கழுத்து வலித்தது. நாலு இருபது ரயிலின் ஊதல் ஆலயத்துக்குள் தெளிவாகக் கேட்டது.

*

எப்சிபாள் தமக்கை வீட்டில் தங்கவில்லை. அவனோடு அடுத்த ரயிலில் ஏறினாள். பேராதனை தாண்டியதும் அவன் பக்கம் திரும்பினாள். அவள் முகம் கழுவித் துடைத்தது போல இருந்தது.

“நீங்க எந்திரிச்சப்போ நானும் எந்திரிச்சிக்கிட்டு இருந்தேன்,” என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான்.

“பாதி எந்திரிச்சிட்டேன். பாட்டு கேட்டுச்சு. ஒரு ஆளுன்னுதானே ஐயா கேட்டாரு. வேற யாரோ நின்னுட்டாங்கன்னு உக்காந்துட்டேன். கண்ணத் தொறந்து பாத்தா நீங்க.”

கல்யாணத்துக்கு முன்னால் அவள் நாலு வருடம் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவள். கல்யாணமானதும் நிறுத்தினார்கள். அது நடந்து எட்டு வருடம். பிள்ளை இல்லை.

“ஆறு வருஷமா ஐயாகிட்ட கேட்டுக்கிட்டு இருக்கேன். பொம்பளைய தனியா அனுப்ப மாட்டோம்னாரு. வீட்டுக்காரர் போனா கூடப் போலாம்னாரு. இன்னைக்கி எந்திரிச்சே நின்னுட்டா என்ன செய்வாங்க, பாப்போம்னு நெனச்சேன்.”

“என்கிட்ட சொல்லவே இல்லியே.”

“நான் சொல்லி நீங்க வந்தா, அது ஆண்டவரு கூப்பிட்டதா ஆகாது.”

கம்பளை வந்தது. யாரோ இறங்கினார்கள். அவன் வாயைத் திறந்தான். அவள் அவன் கைமேல் கை வைத்தாள். எட்டு வருடத்தில் ரயிலில், மற்றவர்கள் பார்க்க, அவள் அப்படிச் செய்ததில்லை. அவன் வாயை மூடிக்கொண்டான்.

*

திங்கட்கிழமை ஹாஷிம் நானா சரக்கு எடுக்க வந்தார். நாவலப்பிட்டிக் கடைத்தெருவில் மொத்த வியாபாரம் செய்பவர். மூட்டைகளை எண்ணாமல் நேரே மேசைக்கு வந்தார்.

“என்ன கிளாக்கர், கீழ எறங்கப் போறீங்களாம். ஊரெல்லாம் செல்லுது.”

“ஆமா நானா.”

“சம்பளம் கூடவா?”

“பாதி.”

“அப்ப உங்களுக்கு இங்கயே காய்ச்சல் வந்திட்டு.”

அருமைநாயகம் சிரித்தான். ஹாஷிம் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எங்கட தம்பி மஹ்மூத் அங்கதான் கடை வெச்சிருந்தான். போன கிழமை பூட்டிட்டு வந்துட்டான். அரிசி போகல்ல, பருப்பு போகல்ல. வெள்ளைத் துணி மட்டும் போச்சாம். கட்டுக் கட்டாப் போச்சாம். பொறகு அதுக்கும் ஆள் வரல்ல. அப்பதான் அவனுக்குப் பயம் புடிச்சிது.”

அருமைநாயகம் ரசீதில் முத்திரை குத்தினான்.

“நான் ஒண்டு கேக்கட்டா? கோவிச்சுக்காதீங்க. கூப்புட்டது ஆண்டவனா, போதகரா?”

முத்திரை மேசையிலேயே நின்றது.

“நல்லா வெளங்கித்தானே ஆமா சொன்னீங்க?” என்றார் ஹாஷிம்.

“நேரமாச்சு நானா. மூட்டைய எண்ணிக்கங்க.”

*

அடுத்த சனிக்கிழமை அவன் கண்டியை அடுத்த அம்பிட்டியவுக்குப் போனான். போதகரின் வீடு மேட்டில் இருந்தது. ஏறும்போது சொல்ல வேண்டியதை மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தான். சின்ன வாக்கியம்தான்.

போதகர் பிரம்புக் கதிரையில் உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

“வாரும் அருமைநாயகம். இரும். உம்மைப் பற்றித்தான் எழுதிறன்.”

அவன் உட்காரவில்லை.

“ஐயா, அன்னைக்கி நான் ரயிலுக்குத்தான் எந்திரிச்சேன்.”

பேனா நின்றது.

“விளங்கேல்லை.”

“நாலு இருபது ரயிலு. ஏழு மணிக்கு வேலை. எல்லாரும் கண்ண மூடியிருந்தாங்க. அந்த நேரத்துல போயிடலாம்னு எந்திரிச்சேன்.”

போதகர் பேனாவைக் கீழே வைத்தார். வெளியே தோட்டக்காரன் புல் செதுக்கும் சத்தம் கேட்டது. அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“இதை ஆருக்குச் சொன்னனீர்?”

“யாருக்கும் சொல்லல.”

“பெண்சாதிக்கு?”

“இல்ல ஐயா.”

அவர் கதிரைக்குத் திரும்பவில்லை. கதவருகே நின்றே பேசினார்.

“செவ்வாய்க்கிழமை அவ இங்கை வந்தவ. ஆறு வருசமா வாற பிள்ளை. ஒவ்வொரு முறையும் அழுதுகொண்டு போவா. இந்த முறை சிரிச்சா. மருந்துகளின்ரை பேரெல்லாம் ஒரு தாளிலை எழுதிக்கொண்டு வந்தவ. காய்ச்சலுக்குக் கொயினா எவ்வளவு, புண்ணுக்குக் கட்டுற துணி எவ்வளவு எண்டு கணக்கு.”

“தெரியும் ஐயா.”

“கொழும்புக்கு எழுதியாச்சு. தோட்டத்துத் துரைக்கும் எழுதியாச்சு. ஞாயிற்றுக்கிழமை நான் ஏறி நிண்டு, பிழை நடந்துபோச்சு எண்டு சொல்லலாம். சனம் சிரிக்கும். ஒரு மாதம் சிரிக்கும். நீர் ரயில்வேயிலை இருப்பீர். அவ உம்மோடை இருப்பா. பிறகு நான் இன்னொரு சனிக்கிழமை கண்ணை மூடச் சொல்லுவன்.”

“அங்க போனா செத்துடுவோமா ஐயா?”

“தெரியாது. அங்கை முதல் இருந்த உபதேசியாரை நான்தான் அனுப்பினனான். அவரும் இப்பிடித்தான் எழும்பி நிண்டவர்.” போதகர் தம் கைகளைப் பார்த்தார். “ஏன் எழும்பினவர் எண்டு நான் கேக்கேல்லை. கேட்டிருக்கலாம். கேக்கேல்லை.”

அருமைநாயகம் கதவுப் பக்கம் ஒரு அடி வைத்தான்.

“நான் என்ன செய்யட்டும்?”

“எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம்? அவவுக்குச் சொல்லும். அழைப்பு அவவுக்கு. நீர் வெறும் கதவு.”

அவர் மேசைக்குத் திரும்பினார். பேனாவை எடுத்தார். கடிதத்தைக் கிழிக்கவில்லை. விட்ட இடத்திலிருந்து எழுதினார். அதைக் கண்டுகொண்டே அருமைநாயகம் வெளியேறினான்.

*

அவளிடம் சொல்ல மூன்று வாரம் இருந்தது.

முதல் வாரம் அவள் அலுமாரியைக் காலி செய்தாள். பழைய தாதிச் சீருடையைப் பிரித்துக் கட்டுத்துணியாக வெட்டினாள். வெட்டும்போது பாடினாள். அவள் பாடுவாள் என்பதை அவன் மறந்திருந்தான். பாட்டு முடியட்டும் என்று நின்றான். அது முடிந்ததும் அடுத்ததைத் தொடங்கினாள்.

இரண்டாம் வாரம் பத்திரிகையில் எண்கள் வந்தன. அவர்கள் போகவிருந்த கேகாலைப் பக்கத்தில் மட்டும் எத்தனை பேர் செத்தார்கள் என்று போட்டிருந்தார்கள். அவன் அந்தத் தாளைச் சுருட்டி அடுப்பில் வைத்தான். அவள் ஏற்கனவே படித்திருந்தாள்.

“போன வாரத்த விட ரெண்டு மடங்கு,” என்றாள். சோறு போட்டாள்.

“பயமா இல்லியா உனக்கு?”

“இருக்கு. ரெண்டு பேரையும் ஒரே நிமிஷத்துல எழுப்பினாரில்ல. அத நெனச்சுக்குவேன். அப்பறம் தூங்கிடுவேன்.”

அவன் சோற்றைப் பிசைந்தான்.

மூன்றாம் வாரம் ராஜினாமாக் கடிதம் கொடுத்தான். நிலைய அதிபர் நடராஜா அதைப் படித்துவிட்டு மேசை இழுப்பறையில் போட்டார்.

“மேல அனுப்பல,” என்றார். “மாசக் கடைசி வரைக்கும் இங்கயே கிடக்கட்டும். மனசு மாறினா வாங்க. கிழிச்சுப் போடுவோம். நமக்குள்ள இருக்கட்டும்.”

“மனசு மாறாது சார்.”

“மாறலன்னா சரி. நான் சாமியக் கும்பிடுற ஆளுதான். ஆனா சாமி காய்ச்சலுக்குள்ள போன்னு சொன்னா, ஒருக்கா திருப்பிக் கேப்பேன்.”

*

டிசம்பர் முதல் வியாழக்கிழமை புறப்பட்டார்கள். ஒரு தகரப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள், மருந்துக் கூடை. கொழும்புக்குப் போகும் ரயில். பேராதனையில் கூட்டம் இறங்கியது. அதன்பின் பெட்டியில் அவர்கள் இருவர் மட்டும்.

கடுகண்ணாவையில் ரயில் நின்றது. இறக்கம் தொடங்கும் இடம். பிரேக் பார்ப்பதற்காகச் சற்று நேரம் நிற்கும். எத்தனை நிமிடம் என்பது அருமைநாயகத்துக்குத் தெரியும்.

எதிர்ப் பாதையில் மேலே வந்த ரயில் நின்றது. அதில் நிற்கவும் இடமில்லை. ஜன்னல்களில் கம்பளி போர்த்திய தலைகள். பகல் பதினொரு மணி. வெயில் அடித்தது. ஒரு பெண் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து, கண்ணைத் திறந்தபடி, எதையும் பாராமல் இருந்தாள். அவள் பற்கள் அடித்துக்கொள்வது இங்கே தெரிந்தது.

எப்சிபாள் அவளையே பார்த்தாள். பிறகு மருந்துக் கூடையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

“எப்சிபா,” என்றான். “அன்னைக்கி நான் ரயிலுக்கு எந்திரிச்சேன்.”

அவள் திரும்பவில்லை.

“வேலை நேரம் மாறிடுச்சு. உனக்கு அப்ப தெரியாது. யாரும் பாக்காம போயிடலாம்னு எந்திரிச்சேன். என்னை யாரும் கூப்புடல.”

கீழே ஒரு ஆள் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டிக்கொண்டு வந்தான். ஒவ்வொரு தட்டும் காலடியில் கேட்டது.

“கையில தொப்பி இருந்துச்சு,” என்றாள். “நான் பாத்தேன். ஆண்டவர் முன்னால தொப்பியக் கையில எடுத்துக்கிட்டு நிக்கிறாரேன்னு நெனச்சேன்.”

“எப்சிபா.”

“ஐயாவுக்குத் தெரியுமா?”

“மூணு வாரமாத் தெரியும்.”

அவள் உதடுகளை இறுக்கினாள். அவன் அவள் அழுவாள் என்று நினைத்தான். அவள் அழவில்லை.

“எனக்குப் போக வழி கெடைக்கட்டும்னு மறைச்சீங்களா, பயந்து மறைச்சீங்களா?”

“பயந்துதான்.”

“மொதல்ல இருந்தே?”

“மொதல்ல வெக்கம். பொறகு பயம்.”

அவள் தலையசைத்தாள். எதிர்ப் பாதையைக் காட்டினாள்.

“அந்த ரயில்ல ஏறுங்க. கடிதம் இன்னும் இழுப்பறையில கிடக்குன்னு நீங்கதானே சொன்னீங்க.”

“நீ?”

“நான் போறேன். என்னைக் கூப்புட்டது உங்க தொப்பி இல்ல.”

“பொம்பளைய தனியா விட மாட்டாங்க. திருப்பி அனுப்பிடுவாங்க.”

“திருப்பி அனுப்ப இப்ப அங்க ஆளு ஏது?”

சுத்தியல் சத்தம் நின்றது. அருமைநாயகம் எழுந்தான். கதவைத் திறந்து மேடையில் இறங்கினான்.

நின்று கேட்டான். வாழ்க்கையில் முதல் முறையாக, ஏதாவது சொல்லப்படுகிறதா என்று உண்மையாகவே காதைக் கொடுத்துக் கேட்டான். என்ஜின் மூச்சு விட்டது. எதிர் ரயிலில் யாரோ இருமினார்கள். யாரோ தண்ணீர் கேட்டார்கள். அவனைப் பெயர் சொல்லி யாரும் அழைக்கவில்லை. இன்னும் சிறிது நேரம் கேட்டான்.

கார்ட் பச்சைக் கொடியை விரித்தான். அவனைப் பார்த்து, “ஏறுறதா இல்லியா?” என்று கத்தினான்.

அவன் ஏறினான். கதவு அவன் பின்னால் அடித்து மூடியது.

“கூப்புட்டாரா?” என்று எப்சிபாள் கேட்டாள்.

“இல்ல.”

“அப்ப ஏன்?”

“பொட்டி கனம். நீ தூக்க மாட்டே.”

அவள் ஜன்னல் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் இடம் விட்டாளா, அவனிடமிருந்து விலகினாளா என்று அவனுக்கு விளங்கவில்லை. எதிர் வாங்கில் உட்கார்ந்தான்.

ரயில் இறங்கியது. மலையைக் குடைந்த குகைப்பாதை ஒன்று, பிறகு இன்னொன்று. ஒவ்வொரு குகையையும் தாண்டியதும் வெக்கை கூடியது. பள்ளத்தாக்கில் வயல்கள் வெடித்துக் கிடந்தன. ஓடைகளின் பாதையில் தண்ணீர் துண்டு துண்டாக மின்னியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. புகை வரும் கூரை எதையும் அவன் காணவில்லை.

*

கீழ் நிலையத்தில் அவர்கள் மட்டும் இறங்கினார்கள். வெளியே ஒரு மாட்டு வண்டி நின்றது. அதன் பக்கத்தில் ஒரு கங்காணி. கோட்டுப் போட்டிருந்தார். கோட்டுக்குள் ஆள் இல்லாதது போல அது தொங்கியது. அவர் கண்களின் வெள்ளை மஞ்சளாக இருந்தது.

“உபதேசியாரு வாங்க,” என்று கைகூப்பினார். “துரை அனுப்பினாரு.”

அருமைநாயகம் பெட்டியைக் கீழே வைத்தான்.

“உபதேசியார் நான் இல்ல,” என்றான். “வேலைக்கு வந்தது அவங்க.”

கங்காணி எப்சிபாளைப் பார்த்தார். பிறகு மருந்துக் கூடையைப் பார்த்தார். அதற்குமேல் கேட்கவில்லை. வேறு நாளாக இருந்தால் கேட்டிருப்பார்.

“எத்தன பேரு படுத்திருக்காங்க?” என்று அவள் கேட்டாள்.

“நடமாடுறவங்கள எண்ணுறது லேசும்மா. பதினோரு பேரு.”

“மொத்தம்?”

“எரநூத்திச் சொச்சம் இருந்தோம்.”

அவள் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். வண்டியில் ஏறினாள். பலகையில் சுண்ணாம்பு தூவியிருந்தது. அது ஏன் என்று அவள் கேட்கவில்லை. கையால் ஒதுக்கிவிட்டுக் கூடையை வைத்தாள்.

அருமைநாயகம் பெட்டியை ஏற்றினான். படுக்கையை ஏற்றினான். அவனுக்கு இடமிருக்கவில்லை. கங்காணி மாட்டைத் தட்டிவிட்டு அவன் பக்கம் திரும்பினார்.

“அப்ப நீங்க என்ன வேலைக்குங்க ஐயா?”

“என்ன வேலை இருக்கு?”

கங்காணி வண்டியோடு இருபது அடி நடந்தபிறகு சொன்னார்.

“மம்பட்டி புடிக்கத் தெரியுமா?”

“தெரியாது.”

“ரெண்டு குழி வெட்டினா வந்துடும்.”

அதில் கேலி இல்லை. வண்டியிலிருந்து எப்சிபாள் திரும்பிப் பார்த்தாள். அவனை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அருமைநாயகம் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டான். வண்டியின் பின்கட்டையைப் பிடித்தபடி ரப்பர் மரங்களுக்குள் நடந்தான்.